தீர்ப்பைத் திட்டு, திண்ணையை விடு

என்ன மாப்ள, ஜட்ஜய்யா வீட்டு வாசலைப் போட்டோ புடிச்சு வச்சிருக்கியாம்ல? கேட்டு என்ன கலரு, எதுத்தாப்புல என்ன மரம், இஸ்திரி வண்டி எங்க நிக்கும்னு அடையாளம் வேற சொல்றியாம். டீக்கடையில பேசிக்கிறாய்ங்க. பாதை வழக்குல தோத்த வருத்தம் ஒனக்கு. ஒன் தாத்தன் காலத்துலருந்து வண்டி போன வழியை "இப்படி ஒரு பாதையே கிடையாது"ன்னு எழுதிப்புட்டா வயிறு எரியத்தேன் செய்யும். எரிஞ்சா மோரைக் குடி. அடுத்தவன் வீட்டு வாசலை எதுக்குப் பேஸ்புக்குல ஏத்தணுங்கிற?

ஒன் மாமன் படிச்சது கொஞ்சம். ஆனா கோர்ட்டுல டவாலியா நின்னவன். நெஞ்சுக்குக் குறுக்க சிவப்புப் பட்டை, அதுல பித்தளை வில்லை. தாழ்வாரத்துல நின்னு கட்சிக்காரன் பேரை மூணு தரம் கூவுனேன்னா, ரோட்டுக்கு அங்கிட்டு வடை தின்னுக்கிட்டு இருக்கிறவன் வாயைத் தொடச்சுக்கிட்டு ஓடியாருவான். ஊரு பேரைக் கூவுறது என் பொழப்பு. ஆனா அய்யா எந்தத் தெருவுல குடியிருக்காரு, அம்மா எந்தக் கடையில மளிகை வாங்குறாக, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்கிறதை ஒரு பய என் வாயிலருந்து புடுங்க முடியாது. கேக்காமயா இருந்தாய்ங்க? வெத்தலபாக்கு வாங்கிக் குடுத்துக் கேட்டாய்ங்க, கறிச்சோறு போட்டுக் கேட்டாய்ங்க. கறிச்சோத்தை மிச்சம் வைக்காமத் தின்னுபுட்டு, "அய்யா வீடு தெக்கால இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருவேன். தெக்கால கன்னியாகுமரி வரைக்கும் கெடக்குல்ல, தேடட்டும்.

அப்பவும் வீடு தெரியாமயா இருந்துச்சு? பால்காரனுக்குத் தெரியும், போஸ்ட்மேனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கு அவுக என்ன கொழம்பு வச்சாகங்கிறது வரைக்கும் தெரியும். ஆனா வெளியூர்க்காரன் ஒருத்தன் வீடு தேடி வந்தா, ஆத்தா மொதல்ல அவன் மூஞ்சியப் பார்க்கும். "யாருய்யா நீ, எந்த ஊரு, அவுகளுக்கு என்ன வேணும்?" மூணு கேள்வி. பதிலு கோணலா வந்துச்சுன்னா மேலத் தெருவுல இருக்கிற வீட்டுக்குக் கீழத் தெருவுல வழி காட்டிவிட்டுரும். அம்புட்டுத்தேன் காவல். இப்ப ஒன் போனைக் கேளு. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணியைப் போட்டுட்டுக் கேட்டாலும் வழி சொல்லுது. எதுக்குடா தேடுறேன்னு ஒத்தக் கேள்வி கேக்குதா? வீடு தெரியிறது ஒண்ணும் புதுசில்ல மாப்ள. கேக்குறவன் மூஞ்சிய யாரும் பாக்குறதில்லைங்கிறதுதேன் புதுசு.

நம்ம சனத்துக்கு வேற சும்மாவே ரகசியம் தங்காது. காதுகுத்துக்குப் பிளக்ஸ் அடிச்சா மாமன், மச்சான், மாமனோட கடை, கடையோட செல் நம்பரு, கைக்குழந்தை படம் எல்லாம் நடுரோட்டுல நிக்கும். மொய் எழுதுற எடத்துல மைக்கைப் புடிச்சவன் ஊரு, பேரு, தொகைன்னு ஒவ்வொண்ணா வாசிப்பான். எவன் எம்புட்டுக் கடன்பட்டுக் கெடக்கான்னு பந்தியில உக்காந்தே கணக்குப் போட்டுறலாம். ஓட்டர் லிஸ்ட்டுல கதவு நம்பரு இருக்கு, வயசு இருக்கு, அப்பன் பேரு இருக்கு. எடம் வாங்கி வித்தா வில்லங்கத்துல பேரு வந்துரும். ஜட்ஜு மட்டும் ஆகாசத்துலயா குடியிருக்காரு? அவரும் ஓட்டுப் போடுறவரு, கேஸ் சிலிண்டர் பதியிறவருதேன். ஆனா ஒன் விலாசத்தைத் தேடிக்கிட்டு வர்றவன் மொய் பாக்கிக்கு வருவான். அவரு விலாசத்தைத் தேடுறவன், அவரு கையெழுத்தால செயிலுக்குப் போனவனா இருப்பான், இல்ல சொத்து போனவனா இருப்பான்.

மாமன் சும்மா பூச்சாண்டி காட்டுறான்னு நெனைக்காத. நம்ம கோரிப்பாளையத்துல நடந்ததைக் கேளு. 2022 மார்ச் 15ஆம் தேதி கர்நாடக ஐகோர்ட்டு ஹிஜாப் வழக்குல தீர்ப்புச் சொல்லுச்சு. தலைமை நீதிபதி ரிது ராஜ் அவஸ்தி, கிருஷ்ணா தீட்சித், ஜே.எம். காஜின்னு மூணு பேரு உக்காந்த பெஞ்சு. தீர்ப்பு புடிக்காதவுக ஊருக்கு ஊரு கூட்டம் போட்டாக. போடட்டும், அது அவுக உரிமை. அந்த உரிமையைக் காப்பாத்துறதுக்குத்தேன் கோர்ட்டே இருக்கு. 17ஆம் தேதி இங்கயும் ஒரு கூட்டம். அதுல பேசுன ஒருத்தரு தீர்ப்பை விட்டுட்டு, தீர்ப்பு எழுதுனவரு காலையில எங்க நடக்கப் போவாருங்கிற பக்கம் திரும்பிட்டாரு. ஜார்க்கண்டுல நடக்கப் போன ஜட்ஜுக்கு நேர்ந்ததையும் சேத்துச் சொன்னாருன்னு புகாரு. பேசுனது மதுரையில, தமிழ்ல. ஆனா அந்த வீடியோ பெங்களூருல ஒரு வக்கீலு வாட்ஸ்அப்புல போய் விழுந்துச்சு. தல்லாகுளம் போலீசு ஒரு வழக்கு, பெங்களூரு விதான சவுதா போலீசு ஒரு வழக்கு. ரெண்டு நாள்ல பேசுனவரைத் திருநெல்வேலியில வச்சுப் புடிச்சாக. 20ஆம் தேதி கர்நாடக முதலமைச்சர் பசவராஜ் பொம்மை, மூணு நீதிபதிகளுக்கும் ஒய் பிரிவுப் பாதுகாப்புன்னு அறிவிச்சாரு.

பாத்தியா? நீ ஒடனே "பேசுனவரு எந்தக் கூட்டம், எந்த ஆளுக"ன்னு கேக்க வாயெடுக்குற. அதைத் தேடாத. தேடுனா ஒனக்குத் தோதானது கெடைக்கும், எனக்குத் தெரியும். இந்தப் புத்தி எந்தக் கொடிக்கும் சொந்தமில்ல; எவனுக்குத் தீர்ப்பு எதிரா வருதோ அவனுக்கு அன்னைக்கு வரும். 2025 டிசம்பர்ல திருப்பரங்குன்றம் மலையில தீபம் ஏத்துற வழக்குல தீர்ப்பு வந்தப்ப ஒத்தக்கடை டீக்கடை ரெண்டாப் பொளந்து கெடந்துச்சே, மறந்துட்டியா? ஒருத்தன் கிளாசை ஒருத்தன் தொடல. ஆனா பிடிக்காத எம்பிமாருக என்ன செஞ்சாக? தீர்ப்புச் சொன்ன நீதிபதியைப் பதவி நீக்கணும்னு கையெழுத்து வாங்கி சபாநாயகர்கிட்ட நோட்டீசு குடுத்தாக. அது சரியா தப்பான்னு நீயும் நானும் விடிய விடிய அடிச்சுக்கலாம். ஆனா அது அரசியல் சட்டத்துல எழுதி வச்சிருக்கிற வழி. அதுக்கு நீதிபதி வீட்டு வாசல் படம் தேவைப்படல.

ஜார்க்கண்டுக் கதையையும் முழுசா கேட்டுரு. தன்பாத்துங்கிற ஊரு. கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த். 2021 ஜூலை 28, வெள்ளன அஞ்சு மணிவாக்குல ஓடப் போனாரு. ரோடு வெறிச்சுன்னு கெடக்கு. நேராப் போயிக்கிட்டிருந்த ஒரு ஆட்டோ, சோலியத்து ஓரத்துக்கு வந்து, ஓரமா ஓடிக்கிட்டிருந்தவரைத் தூக்கி அடிச்சுட்டு நிக்காமப் போயிருச்சு. கேமராவுல பதிஞ்ச அந்தப் படத்தை நாடே பார்த்துச்சு. திருட்டு ஆட்டோ. ரெண்டு நாள்ல சுப்ரீம் கோர்ட்டு தானாவே வழக்கைக் கையில எடுத்துச்சு, விசாரணை சிபிஐகிட்ட போச்சு. ஒரு வருசம் கழிச்சு, 2022ல அதே ஜூலை 28ஆம் தேதி, ரெண்டு பேரு குற்றவாளின்னு தீர்ப்பு. ஆகஸ்டு 6ல சாகுற வரைக்கும் செயிலுன்னு தண்டனை. டெல்லி ஜட்ஜில்ல, ஐகோர்ட்டு ஜட்ஜில்ல. ஜில்லா கோர்ட்டுல உக்காந்து கொலை கேசு பாத்தவரு. முன்னாலயும் பின்னாலயும் ஒரு காவலு இல்லாம, ஒடம்பு நல்லாருக்கட்டும்னு ஓடுன மனுசன். அவரு சாவைத்தேன் ஒருத்தரு நம்ம ஊரு மேடையில ஏறி நினைவுபடுத்துனாரு.

"மாமா, நான் என்ன ஆட்டோவா ஏத்தப் போறேன், ஒரு போட்டோதான"ங்கிற. சரி. ஒன் கணக்குல எத்தனை பேரு இருக்காய்ங்க? நாலாயிரமா? அந்த நாலாயிரத்துல ஒருத்தன் கிறுக்கனா இருக்க மாட்டான்னு பாண்டி கோயில்ல சத்தியம் பண்ணுவியா? இன்னொண்ணு சொல்றேன் கேளு, இது டவாலிக்குத்தேன் தெரியும். கீழ்க்கோர்ட்டு ஜட்ஜய்யா அந்த வீட்டுலயே காலத்துக்கும் இருக்கப் போறதில்ல. கொஞ்ச வருசத்துல வேற ஜில்லாவுக்கு மாத்திருவாக. அது வாடகை வீடா இருந்தா, அடுத்து அங்க குடி வர்றது ஒரு வாத்தியாரம்மாவா இருக்கும். ஒன் போட்டோ மட்டும் அப்படியே நிக்கும். ஒன் வழக்கும் தெரியாம, ஒன் பாதையும் தெரியாம, அந்த அம்மா கதவைத் திறக்கும்.

கதவைத் திறந்ததும் நெனப்பு வருது. அமெரிக்காவுல நியூ ஜெர்சியில எஸ்தர் சாலஸ்னு ஒரு அம்மா, பெடரல் கோர்ட்டு ஜட்ஜு. 2020 ஜூலை 19, ஞாயித்துக்கெழமை. கூரியர்காரன் வேசத்துல ஒருத்தன் வந்து நிக்கிறான். மகன் டேனியல் போயித் திறந்தான், இருபது வயசு. வந்தவன் அந்த எடத்துலயே அவனைச் சுட்டுக் கொன்னுட்டான். அந்த அம்மா புருசனுக்கும் குண்டு, அவரு பொழச்சுக்கிட்டாரு. வந்தவன் ரவுடி இல்ல மாப்ள, வக்கீலு. அந்த அம்மா கோர்ட்டுல வழக்கு நடத்துனவன். வீடு எங்க, குடும்பத்துல யாரு யாருன்னு ஒரு கட்டாவே சேத்து வச்சிருந்தான். அந்தூர்ல அந்த மாதிரி விவரத்தை விக்கிறதுக்குன்னே கம்பெனிக இருக்கு. காசைக் கட்டுனா யாரு வீடா இருந்தாலும் கெடைக்கும்.

பெத்தவ சும்மா இருப்பாளா? அலைஞ்சு, அழுது, அதே வருசம் நவம்பர்ல மகன் பேர்லயே ஒரு சட்டம் வாங்கிட்டா, டேனியல் சட்டம்னு. ஜட்ஜு, அரசு வக்கீலு, போலீசு இவுகள்ல ஒருத்தரு "என் வீட்டு விலாசத்தை எடு"ன்னு எழுதிக் குடுத்தா பத்து வேலை நாளுக்குள்ள எடுத்துறணும். எடுக்கலையா, தடவைக்கு ஆயிரம் டாலரு. 2022 டிசம்பர்ல பெடரல் ஜட்ஜுமாருக்கு நாடு முழுக்கவும் ஒரு சட்டம் வந்துருச்சு. வந்தும் என்னாச்சு? 2025ல ஜட்ஜுமாருக வீட்டு வாசல்ல அவுக கேக்காத பீட்சா வந்து எறங்க ஆரம்பிச்சுச்சு. ஆர்டர் பண்ணவன் பேரு என்னன்னு பாத்தா, டேனியல். குண்டடிபட்டுச் செத்த அந்தப் பையனோட பேரு. "ஒன் வீடு எனக்குத் தெரியும், ஒன் பிள்ளைக்கு என்ன ஆகும்னும் தெரியும்"கிறதை ஒரு கடுதாசி எழுதாம, ஒரு வார்த்தை திட்டாம, சூடா டப்பாவுல வச்சு அனுப்பிருக்காய்ங்க. நம்ம ஊர்ல நாளைக்கு எவனாச்சும் கேக்காமப் புரோட்டா பார்சலு அனுப்புனா, மெரட்டுறாய்ங்கன்னே நமக்கு ஒறைக்காது; சால்னா பத்தலைன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிருவோம்.

ஒடனே மாமன் சர்க்காரு ஆளு, அய்யாமாருக்குக் கொடை புடிக்கிறான்னு சொல்லாத. வேலி போட்டா அதுக்குள்ள எவன் எதை ஒளிக்கிறான்னும் பாக்கணும். அதே நியூ ஜெர்சியில நியூ பிரன்ஸ்விக்குன்னு ஒரு டவுனு. அங்க போலீசு இயக்குநர் ஒருத்தரு, குடியிருந்ததோ ரெண்டு மணி நேரத்துக்கு மேல தள்ளிக் கடலோரத்துல. சார்லி கிராடோவிலுங்கிற பத்திரிகைக்காரரு இதைக் கண்டுபுடிச்சு, எப்படிய்யா இது நடக்குதுன்னு கேட்டாரு. அந்த இயக்குநரு டேனியல் சட்டத்தைத் தூக்கிப் பத்திரிகைக்காரரு முன்னால போட்டாரு. வழக்கு மேல மேல போயி 2025 ஜூன்ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டு டவுன் நிர்வாகத்துப் பக்கம் தீர்ப்புச் சொல்லிருச்சு. எந்த ஊர்ல இருக்காருன்னு எழுதலாம், தெருவும் கதவு நம்பரும் கூடாதுங்கிறது சாரம்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதேன் படுது. நம்ம வி.ஏ.ஓ. வேலை பாக்குற கிராமத்துலயே குடியிருக்கணும்னு விதி இருக்கா இல்லையா? எத்தனை பேரு இருக்காக? சான்றிதழ் வாங்கப் போனா "சாரு டவுனுக்குப் போயிருக்காரு"ங்கிறாய்ங்க. போகல, அங்கதேன் இருக்காரு. "சாரு ஊர்ல தங்குறாரா?"ன்னு கலெக்டர் ஆபீசு குறைதீர் நாள்ல நின்னு கேளு, நானும் கூட வந்து நிக்கிறேன். டவுன்ல எந்தத் தெரு, எத்தனாவது மாடின்னு போஸ்டர் அடிக்கிறதுக்கு மாமனைக் கூப்பிடாத.

சொத்துக் கணக்கும் அப்படித்தேன். தலைமை நீதிபதி அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள்ள வரும்னு 2019 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளோட சொத்து விவரத்தை அவுகளே இணையத்துல போட்டாக. எம்புட்டு வச்சிருக்காருங்கிறது ஊருக் கேள்வி, விடாமக் கேளு. எந்த ரூம்புல படுத்திருக்காருங்கிறது ஒனக்கெதுக்கு?

இங்க டேனியல் சட்டம் மாதிரித் தனியா ஒண்ணும் கிடையாது. 1985ல ஒரு நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கேன்னு குமாஸ்தா சொல்லுவாரு. அது பெஞ்சுல உக்காந்து செஞ்ச காரியத்துக்காக அவுக மேல வழக்குப் போடாம இருக்கிறதுக்கு. வாசல்ல வந்து நிக்கிறவனை அது தடுக்காது. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல விதிமுறை வந்துச்சு, அதுல முக்கியமான பிரிவெல்லாம் அமலுக்கு வர 2027 ஆகும். அபராதம் 250 கோடி வரைக்கும்கிறாக. ஆனா தன்னோட விவரத்தைத் தானே ஊருக்குப் போட்டவுகளுக்கு அந்தச் சட்டம் கை குடுக்காது. அதனால அய்யாமாருக்கும் மாமன் ஒரு வார்த்தை சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. கேட்டுல பித்தளைப் பலகையில பேரு, பட்டம், பதவின்னு மூணு வரி. மச்சினன் ஓட்டுற காருல நீதித்துறைன்னு ஸ்டிக்கரு. அந்தக் காரு ஞாயித்துக்கெழமை கறிக்கடை வாசல்ல நிக்குது. சித்திரைத் திருவிழாவுல முன்வரிசையில குடும்பத்தோட நின்னு எடுத்த படத்தை, வீட்டு வேலைக்கு வர்ற பையன் "எங்க அய்யாவோட"ன்னு ஸ்டேட்டஸ் வைக்கிறான். திருடனுக்கு நாமளே விளக்குப் புடிச்சுட்டுப் போலீசைக் குறை சொன்னா எப்படி?

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒம்பது நீதிபதிக ஒண்ணாச் சொன்னாகளே, அந்த வழக்கைப் போட்டது யாரு தெரியுமா? கே.எஸ். புட்டசாமி, கர்நாடக ஐகோர்ட்டுல ஜட்ஜா இருந்து ஓய்வு பெத்தவரு. 2012ல ஆதாரை எதிர்த்துக் கோர்ட்டுப் படி ஏறுறப்ப அவருக்கு 86 வயசு. ஒனக்கும் எனக்கும் கதவைச் சாத்திக்கிற உரிமையை வாங்கிக் குடுத்தவரே ஒரு பழைய ஜட்ஜுதேன். நீ அதே வர்க்கத்துக் கதவைப் படம் புடிச்சுக்கிட்டு அலையிற.

ஒன் பேரும் கோர்ட்டுலதேன் கெடக்கு மாப்ள, அதை யோசிச்சியா? ஒத்தக்கடையில, யானைமலைக்குப் பக்கத்துல 2004ல வந்த நம்ம ஐகோர்ட்டுக் கிளையில ஒரு வழக்கு. ஒருத்தரு கிரிமினல் கேசுல மேல்முறையீடு பண்ணி விடுதலை ஆயிட்டாரு. ஆனா கூகிள்ல பேரைத் தட்டுனா பழைய கேசுதேன் முன்னால வந்து நிக்குது. பேரை எடுங்கன்னு கோர்ட்டுக்கு வந்தாரு. மொதல்ல ஒரு நீதிபதி அதுக்குச் சட்டம் இல்லையேன்னு மறுத்தாரு. 2024 பிப்ரவரியில அனிதா சுமந்த், ஆர். விஜயகுமார் ரெண்டு பேரும் இருந்த அமர்வு, பேரை மறைச்சு வெளியிடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வச்சுருச்சு. அவரு பேரு என்னன்னு கேக்குறியா? பேரை மறைக்கக் கோர்ட்டுக்குப் போனவரு பேரையே மாமன் ஒன்கிட்ட சொல்லணுமாக்கும். நாளைக்கு ஒனக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப, பொண்ணோட தாய்மாமன் போனை எடுத்து ஒன் பேரைத் தட்டுவான். பாதை வழக்கு வரும். அதோட ஜட்ஜு வீட்டுப் போட்டோ போட்ட கேசும் சேந்து வந்துச்சுன்னா, காப்பியோட அனுப்பிருவாக, கேசரி வராது.

மதுரைக்காரனுக்கு இதைச் சொல்றதுக்கு அமெரிக்காவுக்குப் போகவேண்டியதே இல்ல. சிலப்பதிகாரத்துல மதுராபதித் தெய்வம் கண்ணகிகிட்ட ஒரு பாண்டியன் கதை சொல்லும். கீரந்தைன்னு ஒருத்தன், பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டு வெளியூரு போறவன். ராசாவோட காவல்தேன் ஒனக்கு வேலின்னு அவகிட்ட சொல்லிருந்தான். பின்னால ஒரு ராத்திரி நகர்வலம் போன பாண்டியன் அந்த வீட்டுல ஆம்பளைக் கொரலு கேட்டு, சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டிட்டான். உள்ள இருந்தது அவ புருசன். அந்தப் பொம்பளைக்குப் பேரு கெட்டுறக் கூடாதேன்னு அந்தத் தெருவுல எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டுப் போனான்னு சொல்லுவாக. விடிஞ்சதும் தட்டுன கையைத் தானே வெட்டிக்கிட்டான். அதுலருந்துதேன் பொற்கைப் பாண்டியன்னு பேரு. காவலுக்குப் போன ராசாவுக்கே அந்தத் தண்டனை. நீ கதவைத் தட்டலேங்கிற, சரி. ஒரு ஊரே வந்து தட்டுறதுக்கு விலாசம் எழுதிக் குடுக்குறியே.

அதனால அந்தப் போட்டோவை இப்பவே அழி. என் கண்ணு முன்னால அழி, குப்பைத்தொட்டிக்குள்ள கெடக்கும்ல, அதையும் அழி. ஏத்தலேன்னா நல்லது, ஏத்தியிருந்தா எடுத்துரு. அதைப் பாத்துட்டு எவனாச்சும் மெரட்டுனான்னா, போலீசு மொதல்ல யாரு வீட்டுக்கு வரும்னு யோசிச்சுக்க. அப்பறம் போயி நகலுக்கு மனுப் போடு. முன்சீப் தீர்ப்பு மேல சப்கோர்ட்டு அப்பீலுக்கு முப்பது நாளு. நகலு கெடைக்கிறதுக்கு ஆகுற நாளைக் கழிச்சுக்குவாக. தீர்ப்புல எந்தப் பக்கம், எந்த வரி தப்புன்னு வக்கீலை வச்சுக் கிழி. சர்வேயர் வரைஞ்ச படத்தை ஜட்ஜய்யா பாக்கவே இல்லேன்னு பேஸ்புக்குல எழுது, நானே லைக் போடுறேன். போடத் தெரியாது, ஒன் அத்தையை விட்டுப் போடச் சொல்றேன்.

இப்ப மாமனுக்குன்னு ஒரு ஆத்தாமை இருக்கு, அதையும் கேட்டுரு. விலாசம் வெளிய போறதால பெரிய அய்யாமாருக்குத்தேன் ஆபத்துன்னு எல்லாரும் பேசுறாக. நான் பாத்ததைச் சொல்றேன். ஒரு கோர்ட்டுல அமீனா ஒருத்தரு, ஜப்தி வாரண்டைக் கையில புடிச்சுக்கிட்டுப் போயி, ஒரு வீட்டுலருந்து டி.வி.யையும் பீரோவையும் எடுத்துட்டு வந்தாரு. உத்தரவு போட்டது ஜட்ஜு, கையெழுத்து ஜட்ஜோடது. ஆனா அந்த வீட்டுக்காரன் கண்ணுல பட்டது அமீனா மூஞ்சிதேன். மறுநாளு அமீனாவோட செல் நம்பரு, வண்டி நம்பரு, குடியிருக்கிற காலனி பேரு எல்லாம் வாட்ஸ்அப்புல சுத்துச்சு. ராத்திரி பூராம் அவரு சம்சாரத்துக்குப் போனு. மகளுக்குப் போனு. நம்பரை மாத்துனாரு, வீட்டை மாத்துனாரு, கடைசியில வேற ஜில்லாவுக்கு மாறுதல் கேட்டு மனுக் குடுத்தாரு. அவருக்கு யாரு ஒய் பிரிவு குடுத்தா? வாரண்டு நிறைவேத்தப் போறவருக்கு வீடு வாடகை வீடு, வாகனம் டி.வி.எஸ். பிப்டி. பெஞ்ச் கிளார்க்கு, சம்மன் குடுக்கிறவரு, சாட்சிக் கூண்டுல ஏறி ஒரு ரவுடியைக் கை நீட்டிக் காட்டுன பொட்டிக்கடைக்காரரு, எல்லாருக்கும் அதே கதைதேன்.

சட்டம் எழுதுற பெரியவுக காதுல விழுற மாதிரி நீ எதையாச்சும் போடணும்னா, ஒன் போன்ல இதைப் போடு. நம்ம நாட்டுலயும் ஒரு டேனியல் சட்டம் எழுதுங்க. விலாசத்தை எடுன்னு கேட்டா எடுக்கணும், எடுக்கலேன்னா காசு கட்டணும்னு எழுதுங்க. ஆனா கணக்கை அமீனா வீட்டுலருந்து ஆரம்பிங்க, சாட்சி சொன்னவன் வீட்டுக்கு அடுத்து வாங்க, கிளார்க்கு வீட்டுக்கு அப்பறம். ஐகோர்ட்டு அய்யாமாரு வீட்டுக்குக் கடைசியா வந்தாப் போதும்; அங்க வாசல்ல ஏற்கெனவே ஒரு போலீசுக்காரரு நிக்கிறாரு.